எமல்டாவின் குசினியில் நின்றுபோன கொலை

எமல்டாவின் புத்தகங்களை ஒன்றாக அடுக்கி வைத்தால், முதல் தடவை பார்க்கிறவர்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பெயரைச் சரிபார்ப்பார்கள். மூன்று புத்தகங்களின் அட்டையில் வெள்ளை மேசைவிரிப்பு, பூச்சாடி, ஆவி பறக்கும் கோப்பை. மிச்சம் நான்கிலும் இரத்தம். இரண்டில் கத்தி, ஒன்றில் கிணறு, ஒன்றில் பாதி திறந்த கதவுக்குப் பின்னால் ஒரு கை. ஏழிலும் ஒரே பெயர்தான்: எமல்டா யோசப், நெடுந்தீவு.

வெள்ளை அட்டைக்காரி கத்தோலிக்க வீடுகளுக்கு விருந்தோம்பல் சொல்லிக் கொடுப்பவள். அவளுடைய முதல் புத்தகமான ‘வந்தவர் அமரட்டும்’ கோயில் கோயிலாகப் போய், மாதர் சங்கங்களில் வாசிக்கப்படுகிறது. வந்தவரிடம் பசிக்கிறதா என்று கேட்காதே, தட்டை வை என்று அதில் இருக்கும். எப்போது போகிறீர்கள் என்று எந்தச் சுற்றுவழியாலும் கேட்காதே என்றும் இருக்கும். ஆள் படலையைத் திறக்கும்போது விளக்குமாற்றைத் தூக்காதே, அவர் உன்னைப் பார்க்க வந்தார், உன் வீட்டு நிலத்தைப் பார்க்க வரவில்லை என்று ஒரு பக்கம் முழுக்கத் திட்டியிருப்பாள். செபத்தோடு தொடங்கி மீன்குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதோடு முடியும் புத்தகம் அது.

இரத்த அட்டைக்காரி அதே மாதிரியான வீடுகளில் ஆட்களைக் கொல்பவள்.

இரண்டும் ஒரே இடத்தில் முளைத்தவைதான். சோளகக் காற்று எழும்பினால் நெடுந்தீவுக்குப் படகு ஓடாது. காலையில் அரசாங்க வேலையாக வந்த கந்தோர்காரர், புடவை வியாபாரி, உறவினர் வீட்டைத் தேடி வந்து காணாத வெளிநாட்டுக்காரர் எல்லாரும் பின்னேரம் போக வழியில்லாமல் மாவலித்துறையில் முழித்துக்கொண்டு நிற்பார்கள். எமல்டாவின் கணவன் யோசப் துறைக்குப் போய் நிற்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். யார், எந்த ஊர் என்று கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. எமல்டா உலையில் இன்னும் இரண்டு சுண்டு அரிசியைப் போடுவாள். முன்பின் தெரியாத ஆளுக்குச் சோறு போடும்போது அவளுக்கு இரண்டு எண்ணம் ஒன்றாக வரும். பாவம், வயிறாரச் சாப்பிடட்டும் என்பது ஒன்று. இந்த ஆள் உண்மையில் யார், அந்தப் பெட்டிக்குள் என்ன என்பது மற்றது. முதல் எண்ணத்திலிருந்து வெள்ளை அட்டைகள் வந்தன. இரண்டாவதை என்ன செய்வதென்று தெரியாமல் கனகாலம் தனக்குள்ளேயே வைத்திருந்தாள். யோசப் நெஞ்சுவலியில் போன பிறகு வீடு சத்தமில்லாமல் கிடந்தது. அந்தச் சத்தமின்மை பொறுக்காமல்தான் அவள் கொலை செய்யத் தொடங்கினாள்.

செய்கிற முறையும் வேறு. விருந்தோம்பலை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மேசையில் இருந்து, கையால் எழுதுவாள். கொலையை எழுதவே மாட்டாள். குசினியில் நின்று வாயால் சொல்லுவாள். அரிசித் தகரத்தில் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்து, பதிவை ஓடவிட்டு, தேங்காய் துருவிக்கொண்டும் மீன் வெட்டிக்கொண்டும் கதை சொன்னால்தான் அவளுக்குக் கதை வரும். மேசையில் இருந்தால் ஒரு எலியைக்கூட அவளால் கொல்ல முடியாது. மகள் நிரோஜினி பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வாள். கதைக்கு நடுவே மிளகாய் பொரிகிற சத்தம், எமல்டா தும்முகிற சத்தம், பக்கத்து வீட்டுச் செல்லாச்சி “ஐயோ!” என்று அலறுகிற சத்தம் எல்லாம் கேட்கும். அவற்றை நீக்குவதுதான் நிரோஜினியின் பெரிய வேலை.

செல்லாச்சி அங்கே இருந்ததற்குக் காரணம் உண்டு. பின்னேரமானால் அயலட்டைப் பெண்கள் தங்கள் தங்கள் வேலையைத் தூக்கிக்கொண்டு எமல்டாவின் குசினிக்கு வந்துவிடுவார்கள். ஒருத்தி நண்டு உடைப்பாள், ஒருத்தி ஓலைப்பெட்டி இழைப்பாள். காது மட்டும் எமல்டாவிடம் இருக்கும். பதினோராம் அத்தியாயத்தில் கொலைகாரனைக் காட்டிக் கொடுக்கும்படி கெஞ்சி, செல்லாச்சி ஒருமுறை தன் பிள்ளையார் கோயில் மோதகத்தை லஞ்சமாகக் கொண்டு வந்தாள். எமல்டா மோதகத்தைச் சாப்பிட்டாள், பெயரைச் சொல்லவில்லை.

இப்படிச் சந்தோசமாக ஆட்கள் செத்துக்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் ஒரு நல்ல சம்பந்தம் வந்தது.

பெடியன் ஜெனோசன். கரம்பொன் ஊர்க்காரன். நெடுந்தீவில் குடிநீர் சுத்திகரிக்கிற இடத்தில் வேலை. நிரோஜினியும் அவனும் ஒருவரை ஒருவர் விரும்பி, இரண்டு வீட்டுக்கும் சொல்லியும் விட்டார்கள். ஜெனோசனின் தாய் பிலோமினா கரம்பொன் மாதர் சங்கத்துத் தலைவி. ‘வந்தவர் அமரட்டும்’ புத்தகத்தை அந்தச் சங்கத்தில் பக்கம் பக்கமாகப் படிப்பித்தவரே அவர்தான். பெண்ணின் தாய் அந்த எமல்டாதான் என்று கேள்விப்பட்டதும், மாதாவே நேரில் வந்து தீர்த்து வைத்த சம்பந்தம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். எமல்டா கையெழுத்துப் போட்டுத் தரட்டும் என்று தன் புத்தகத்தையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கணவர் பஸ்ரியாம்பிள்ளையோடு குறிகட்டுவானில் படகு ஏறினார்.

படகில் நடந்ததைப் பிறகு பஸ்ரியாம்பிள்ளைதான் சிரித்துச் சிரித்துச் சொன்னார். எதிரே இருந்த மீன் வியாபாரி ஒருவர் மடியில் இரத்த அட்டைப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்திருந்தாராம். பிலோமினாவின் கண் பெயரில் பட்டுவிட்டது.

“இந்த எமல்டா யோசப் வேற ஆளோ?” என்று கேட்டார்.

“தீவிலை ஒரு எமல்டாதான் அம்மா. நீங்கள் அங்கையோ போறியள்? அருமையான மனிசி. நாலு கொலைக் கதை எழுதியிருக்கிறா, நாலிலையும் வந்த ஆளிலைதான் எல்லாருக்கும் சந்தேகம். ஆனா தேத்தண்ணி தந்தா யோசிச்சுக் குடியுங்கோ!” என்று வியாபாரி கடகடவென்று சிரித்தாராம். அதற்குப் பிறகு மாவலித்துறை வரும்வரை பிலோமினா கைப்பைக்குள் இருந்த தன் புத்தகத்தின் பெயரையே திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

எமல்டாவுக்கு இது ஒன்றும் தெரியாது. வாசலுக்கு ஓடி வந்து இரண்டு பேரின் கையையும் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்தாள். பிலோமினா கோப்பையை வாங்கி, உள்ளே பார்த்து, கணவர் ஒரு மிடறு குடித்து முடியும்வரை காத்திருந்து, பிறகு குடித்தார். களைப்பாக்கும் என்று எமல்டா நினைத்தாள். சுறா வறை, பாரைக் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், நண்டு என்று மேசை நிறைந்தது. பஸ்ரியாம்பிள்ளை மூன்றாம் தரம் சோறு வாங்கினார். ஜெனோசனும் நிரோஜினியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட மிகவும் பாடுபட்டார்கள்.

கை கழுவி வந்து இருந்ததும் பிலோமினா பேச்சைத் தொடங்கினார்.

“எமல்டா, பிள்ளையிலை ஒரு குறையும் இல்லை. வீட்டிலையும் இல்லை. ஒண்டே ஒண்டுதான். அந்தக் கொலைக் கதையளை நீர் விடவேணும்.”

எமல்டா சிரித்தாள். பிறகு அவர் சிரிக்கவில்லை என்பதைக் கண்டாள்.

“வந்தவரைக் கடவுள் அனுப்பினவர் எண்டு நினைக்கச் சொல்லி நீரே எழுதினனீர். அதை நான் எத்தினை பேருக்குப் படிப்பிச்சனான் தெரியுமே? மற்றக் கையாலை, வந்தவன் ஒவ்வொருத்தனையும் கொலைகாரனோ எண்டு பாக்க வைக்கிறீர். எங்கட சங்கத்துப் பொம்பிளையள் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? கிறிஸ்தவ வீட்டுக்கு இது அழகில்லை. இதுக்கு ஓம் எண்டா, நாங்கள் இண்டைக்கே நாள் பாப்பம்.”

“பிலோமினா...” என்று பஸ்ரியாம்பிள்ளை இழுத்தார். பிலோமினா பார்த்த பார்வையில் மனிசன் திரும்பவும் பல் குத்தத் தொடங்கினார்.

 எமல்டாவுக்கு அவர் கேட்டதில் ஞாயம் இருக்கிறது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. நிரோஜினியைப் பார்த்தாள். பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு, “ஓம் சொல்ல வேண்டாம் அம்மா” என்பதுபோலத் தலையை ஆட்டினாள். ஆனால் அவள் கண் கலங்கி இருந்தது. தகப்பன் போன பிறகு அந்தக் கண் ஜெனோசனால்தான் திரும்பவும் சிரித்தது என்பது எமல்டாவுக்குத் தெரியும்.

“ஓம் அக்கா. விட்டிட்டன்” என்றாள்.

சொல்லிவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். விருந்தினர் முன்னால் அழக்கூடாது என்று இரண்டாவது புத்தகத்தில் அவளே எழுதியிருந்தாள். அதனால் நல்லெண்ணெய்ப் போத்தலுக்கு முன்னால் நின்று அழுதாள். ஒரு கலியாணத்துக்காக ஒரு பழக்கத்தை விடுவது பெரிய காரியமா என்று தன்னையே கேட்டாள். பெரிய காரியம்தான். யோசப் இல்லாத பின்னேரங்களை அந்தக் கதைகள்தான் இவ்வளவு காலமும் தள்ளிக் கொண்டுபோயின. இப்போது அந்தப் பின்னேரங்களை என்ன செய்வது?

இதற்குள் காற்று எழும்பிவிட்டது. பின்னேரப் படகு இல்லை என்று ஜெனோசன் துறையிலிருந்து செய்தி கொண்டு வந்தான். எமல்டா கண்ணைத் துடைத்துவிட்டு, இராச் சாப்பாட்டுக்கு மாவைக் குழைக்கத் தொடங்கினாள். வந்தவர் இனி நாளைக்குத்தான் போவார்கள்.

வழமையான நேரத்துக்குப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு வழமையை விடக் கூடுதலான பேர். ‘வாடிவீட்டில் ஐந்து பேர்’ என்ற புதுக் கதையின் கடைசி அத்தியாயம் அன்று என்று எமல்டா முதலே சொல்லியிருந்தாள். செல்லாச்சி ஒரு சட்டி நண்டோடு வந்து, பலகையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

“ம், சொல்லு எமல்டா. ஆர் செய்தது?”

“கதை இல்லை அக்கா. இனி ஒரு நாளும் இல்லை. நான் விட்டிட்டன்.”

முதலில் யாரும் நம்பவில்லை. அவள் அழுத முகத்தைப் பார்த்த பிறகு நம்பினார்கள். காரணத்தைக் கேட்டார்கள். விருந்தினரைப் பற்றிப் பின்னால் பேசுகிறவள் எமல்டா இல்லை, அதனால் காரணம் சொல்லவில்லை.  பிறகு செல்லாச்சிக்குக் கோபம் வந்தது.

“நீ சொல்லாட்டிப் போ. நாங்களே கண்டுபிடிக்கிறம்.”

எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். ஹோலுக்குள் தனியே இருந்த பிலோமினாவின் காதில் ஒரு சொல்லும் தப்பவில்லை. அவர் மனிசனோ வெளியே வேப்பமரத்தடியில் நித்திரை. கதை இதுதான்: காற்றால் படகு நின்றுபோன ஒரு தீவு. வந்தவர்கள் தங்குகிற வாடிவீட்டில் ஐந்து பேர்: அதை நடத்துகிற பெரியவர், அவருடைய பிள்ளைத்தாச்சி மருமகள், சமையல்காரன், வைத்தியர், பெயர் சொல்லாத ஒரு புது ஆள். விடியற்காலையில் பெரியவர் கிணற்றுக்குள் கிடக்கிறார். புது ஆளிடம் பூட்டிய பெட்டி ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொட விடுகிறான் இல்லை.

“புது ஆள்தான்” என்றாள் ஒருத்தி. “அவன்ர முழியே சரியில்லை.”

“உனக்கு எமல்டாவின்ர கதை தெரியாதே?” என்றாள் செல்லாச்சி. “எந்தக் கதையிலை வந்தவன் செய்தவன்? எல்லாரும் அவனிலைதான் சந்தேகப்படுவினம். கடைசியிலை பாத்தா அவன் தங்கமான பெடியனா இருப்பான். செய்தது எப்பவும் வீட்டுக்காரர்தான்.”

ஹோலில் கதிரை ஒன்று நகர்ந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பிலோமினா குசினி வாசலில் வந்து நின்றார். தண்ணி கேட்டார். எமல்டா எடுத்துக் கொடுத்தாள். குடித்து முடித்த பிறகும் அவர் போகவில்லை.

“எப்பவும் வீட்டுக்காரரோ?” என்று செல்லாச்சியிடம் கேட்டார். “நாலு புத்தகத்திலையும்?”

“நாலிலையும் தங்கச்சி. வந்தவன் ஒரு பாவமும் அறியான்.”

 பெண்கள் திரும்பவும் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். சமையல்காரன் என்று ஒருத்தி, வைத்தியர் என்று ஒருத்தி. கிணற்றடியில் வாளி கவிழ்ந்து கிடந்தது என்றும், கயிறு காய்ந்து சுருண்டு கிடந்தது என்றும் ஒருத்தி நினைவுபடுத்தினாள்.

“பொறுங்கோ” என்றார் பிலோமினா. “கயிறு காய்ஞ்சு கிடந்ததோ? அப்ப விடியத் தண்ணி அள்ளப் போனன் எண்டு சொன்னது ஆர்?”

 செல்லாச்சியின் கையில் நண்டுக்கால் அந்தரத்தில் நின்றது.

“மருமகள்” என்றாள் ஒருத்தி மெதுவாக.

“அள்ளேல்லையே! அள்ளியிருந்தா நனைஞ்சிருக்குமே!” பிலோமினாவின் குரல் உயர்ந்துவிட்டது. “ஆனா அவளுக்கு வயித்திலை பிள்ளை எண்டெல்லோ சொன்னியள்? அப்பிடிப்பட்டவள் எப்பிடித் தனியத் தள்ளினவள்? ஆர் கூட?”

எல்லாரும் எமல்டாவைப் பார்த்தார்கள். எமல்டா மாவுக்குள் கையை வைத்தபடி, வாயைத் திறந்துகொண்டு நின்றாள். கயிறு காய்ந்து கிடந்தது என்று அவள் சும்மா போகிற போக்கில் சொன்னது. அதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. நாக்கின் நுனிவரை கதை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கிக்கொண்டு மாவைப் பிசைந்தாள். அன்றைக்குப் பிட்டு கொஞ்சம் கல்லாகத்தான் வந்தது.

விடிந்ததும் காற்று அடங்கியிருந்தது. பிலோமினாவின் கண் இரண்டும் சிவந்திருந்தன. தேத்தண்ணிக்கு வந்தவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எமல்டா, கதை வேண்டாம். பேரை மட்டும் சொல்லும்.”

“எனக்குத் தெரியாது அக்கா.”

“சும்மா பகிடி விடாதையும்.”

“உண்மையாத்தான். எழுதுறவைக்கு முதலே தெரியுமாம். எனக்கு ஏலாது. சொல்லிக்கொண்டு போகேக்கைதான் எனக்கும் பிடிபடும். நேற்று நீங்கள் கயிற்றைச் சொன்ன உடனை பிடிபடுற மாதிரி வந்தது. ஆனா இனிச் சொன்னா, உங்களுக்குத் தந்த வாக்கு என்னாகிறது?”

பிலோமினா எமல்டாவின் முகத்தைத் துருவிப் பார்த்தார். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. மடக்கினதும் அவரே, மாட்டிக்கொண்டதும் அவரே. கொடுத்த வாக்கைத் திருப்பி எடுக்கச் சொல்ல, மாதர் சங்கத்துத் தலைவியின் வாய் லேசில் வளையுமா? பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

எமல்டா அவர்களோடு துறைவரை போனாள். படகு கண்ணில் இருந்து மறையும்வரை நிற்க வேண்டும் என்பது அவளுடைய புத்தகத்தில் உள்ள கடைசி விதி. பஸ்ரியாம்பிள்ளை முதலில் ஏறி மனிசிக்குக் கை கொடுத்தார். பிலோமினா ஏறி இருந்தார். எழும்பினார். திரும்பவும் இருந்தார். கயிறு அவிழ்க்கிற பெடியன் குனிந்தபோது, “தம்பி, பொறும்!” என்று கத்திக்கொண்டு, சேலையை ஒரு கையால் பிடித்தபடி திரும்ப இறங்குதுறையில் குதித்தார். பஸ்ரியாம்பிள்ளை ஆச்சரியப்படவே இல்லை. அவரும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினார்.

பிலோமினா நேரே எமல்டாவிடம் வந்து கையைப் பிடித்தார்.

“வந்தவள் நான். சந்தேகப்பட்டவளும் நான்தான். உம்மடை கதையிலை வந்தவனைச் சந்தேகப்படுறவையள்தான் பிழைவிடுகினமாம், எனக்கு நேற்றுத்தான் தெரியும். எங்கட சங்கத்துக்கு நான் அதைச் சொல்லிக்கொள்ளுறன். உந்த வாக்கு கடலோடை போகட்டும். நடவும் வீட்டை.”

எமல்டாவுக்குத் துறையிலேயே அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை ஒளிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கத்திச் சிரித்துக்கொண்டு அழுதாள். படகு போனது, ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

யார் போய்ச் சொன்னார்களோ, அவர்கள் வீட்டுக்கு வந்து சேர முதலே செல்லாச்சியும் மற்றவர்களும் குசினிக்குள் இருந்தார்கள். பிலோமினாவுக்குப் பலகை ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். அவர் கேட்காமலே துருவுபலகையை இழுத்து, தேங்காய்ப் பாதியைக் கையில் எடுத்தார். விருந்தினரை வேலை செய்ய விடாதே என்று எமல்டா மூன்று புத்தகத்திலும் எழுதியிருக்கிறாள். இப்போது ஒன்றும் சொல்லவில்லை. கைத்தொலைபேசியை அரிசித் தகரத்தில் சாய்த்து, பதிவை ஓடவிட்டாள்.

“கிணற்றடியில் கயிறு காய்ந்து கிடந்ததை முதலில் கண்டது, பெட்டியோடு வந்த அந்தப் புது ஆள்...”

 தேங்காய் துருவுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. வாசலில் நிரோஜினியும் ஜெனோசனும் வந்து நின்றார்கள். நேற்றிலிருந்து ஒன்றும் விளங்காமல் வெந்துகொண்டிருந்த பிள்ளைக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“அன்ரி... அப்ப எங்கட அலுவல்?”

“தை மாதம் வைப்பம்” என்றார் பிலோமினா, திரும்பியும் பாராமல். “உஸ்! இப்ப சத்தம் போடாதை பிள்ளை, கேக்க விடு.”